காயாத கறுப்பு

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வீட்டிலிருந்த பதினான்கு படங்களைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் படம் இளகும். இளகிய படத்தைத் தூக்கினால் விரல் பதியும்.

முறை எப்போதும் ஒன்றுதான். அவள் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கொக்கியிலிருந்து கழற்றுவாள். அப்பா கீழ்விளிம்பைத் தாங்கிக்கொள்வார். தரையில் விரித்த போர்வைமேல் நிறுத்தி, மேல்பக்கம் கீழே வரும்படி சுற்றுவார்கள். படத்தின் முதுகில் சாக்பீஸால் ஓர் அம்புக்குறியும் தேதியும் இருக்கும். பழையதை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புது அம்பை அப்பாதான் போடுவார். மறுபடியும் கொக்கி. அடுத்த படம்.

"புள்ள தூங்குது, மெதுவா," என்றார் அப்பா, கையிலிருந்த படத்தைப் பார்த்து.

"இந்தப் புள்ளைக்கு முப்பத்தெட்டு வயசாகுதுப்பா."

"உன்னைவிட ரெண்டு வயசு சின்னது. பிடிவாதம் மட்டும் உன்னோடதுதான்."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னை ஒரு நாளாவது தலைகீழா மாட்டியிருந்தா, இந்த மனுஷன் நின்னு பார்த்திருப்பாரு."

"உனக்கு எது மேல் பக்கம்னு எனக்கு இன்னும் பிடிபடலையே," என்றார் அப்பா. உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டது.

ஒன்பதாவது படத்தின்போது அப்பா சுவரில் கை ஊன்றி நின்றார்.

"மூச்சு வாங்குதா?"

"தூசி."

"மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்பா."

"பாதியில விட்டா எது திருப்புனது, எது திருப்பாததுன்னு குழம்பிடும். ஒரு தடவை பட்டது போதாதா?"

அவள் மறுபடி ஸ்டூலில் ஏறினாள். பத்தரைக்கு எல்லாம் முடிந்தது.

மறுநாள், திங்கட்கிழமை காலை, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. எழுபத்தொரு வயது. முன்தின வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது என்றைக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். பதினான்கு படங்கள். சராசரி பதினொரு கிலோ. அதில் பாதி அவர் கையில். எழுபத்தேழு கிலோ, மூன்றரை மணி நேரத்தில். பெரிய எண் இல்லை. மறுபடியும் எழுதிப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது. தாளை மடித்துப் பையில் வைத்தாள். மூன்று வாரமாக அது பையிலேயே இருக்கிறது.

அப்பா பேருந்துப் பணிமனையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். பேருந்தின் அடிவயிற்றில் துரு ஏறாமலிருக்கத் தார் பூசுவது அவருடைய பிரிவு. பேருந்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, அண்ணாந்து பூச வேண்டும். எட்டு மணி நேரம் கறுப்பைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர், வந்ததும் வராததுமாகப் பலகையை எடுத்துவைத்துக்கொண்டு வண்ணம் தேடுவார். ஒரு பள்ளி ஓவிய ஆசிரியரும் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரும் அவருக்குக் கூட்டாளிகள். மரமும் மாடும் இருந்தால்தான் படமா என்பது மூவரின் கேள்வி. பள்ளிக்கூட மண்டபத்தில் மூவரும் முதல் கண்காட்சி வைத்தபோது, வந்த ஒருவர் ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எப்போ முடியும்?" என்று கேட்டாராம். கடிகாரக்காரர் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அப்பா சிரித்துவிட்டு வந்தார்.

தார் ஒரு விபத்தாக வந்தது. பணிமனையில் டர்பன்டைன் கலந்து நீர்த்துப்போன தார் ஒரு ஒட்டுப்பலகையில் கொட்டிவிட்டது. மெல்லிசாக ஓடிய இடத்தில் தேன் நிறம். தேங்கிய இடத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு கறுப்பு. அப்பா அந்தப் பலகையைச் சட்டையால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். "கடையில விக்கிறது செத்த கறுப்பு. இது மூச்சு விடுது பாரு," என்று அம்மாவிடம் காட்டினார். அம்மாவுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சட்டையைத்தான் பார்த்தாள்.

அடுத்த சில வருஷங்களில் பத்திரிகைகள் அவரை எழுதின. ஓவியர்கள் நடுவில் அவருக்குத் 'தார்க்காரர்' என்றே பெயராயிற்று. தேன் நிறத்துக்குள் கறுப்புப் பாளங்கள், நடுவே ஒன்றிரண்டு வெள்ளைக் கோடுகள். அவ்வளவுதான் படம். பார்க்கிறவர்கள் அதன்முன் அதிக நேரம் நின்றார்கள்.

அது மூச்சு விட்டது உண்மைதான். நடக்கவும் செய்தது. ஒரு கோடையில், துவைத்து மடித்த துணிமேல் ஒரு கறுப்புத் துளி விழுந்திருந்தது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். "என்னங்க, உங்க படம் அழுவுது."

அப்பா அளவுகோல் வைத்துப் பார்த்தார். நேராகப் போட்ட கோடு நடுவில் இரண்டு விரற்கடை தொய்ந்திருந்தது. அதற்குள் ஆறு படங்கள் வெளியே போயிருந்தன. சிமென்ட் தூள் கலந்து பார்த்தார். கந்தகம் கலந்து பார்த்தார். மேலே வார்னிஷ் அடித்துப் பார்த்தார். சிமென்ட் கலந்தது வெடித்தது. வார்னிஷ் அடித்தது முதலைத்தோல்போல் சுருங்கியது. கடைசியில் வேறு வழி தோன்றாமல் படத்தைத் தலைகீழாக மாட்டினார். அடுத்த கோடையில் கோடு தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தது.

"அது மேல ஏறலம்மா," என்று பின்னாளில் மகளிடம் விளக்கினார். "கீழதான் இறங்குச்சு. கீழ எதுங்கிறதை நான் மாத்துனேன், அவ்ளோதான்."

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, வெயில் தொடங்கும் முன், எல்லாப் படமும் திருப்பப்பட்டது. விற்ற ஆறையும் ஏதேதோ சாக்குச் சொல்லித் திரும்ப வாங்கி, பதிலுக்குச் சாதாரண எண்ணெய் வண்ணத்தில் வேறு வரைந்து கொடுத்தார். தாரை மட்டும் விடவில்லை. இனி வரைகிற தார்ப்படம் வீட்டைத் தாண்டாது என்று முடிவு செய்தார். மேல் கீழ் இல்லாத படங்கள் என்பதால் வீட்டுக்கு வந்துபோன யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கையெழுத்து ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் படத்தின் முகத்தில் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. 'கையொப்பமிடாத இந்தப் பணிவு' என்று ஒரு விமர்சகர் ஒரு முழுப் பத்தி எழுதினார். அம்மா அதை வாசித்துக் காட்டச் சொல்லி மூன்று முறை கேட்டாள். "பணிவாம்! குட்டு வெளிப்பட்டுடும்னு பயம்னு எழுதச் சொல்லுங்க."

வீட்டைத் தாண்டாது என்ற முடிவை அவர் ஒரே ஒரு முறை மீறினார். இருபத்தாறு வருஷத்துக்கு முன், ஊரின் புது நூலகத்துக்கு. ஒன்பதடி அகலம், ஆறடி உயரம், வாசிப்பு மண்டபத்தின் முழுச் சுவர். யாராலும் மறுக்க முடியாத அழைப்பு. அவரும் மறுக்கவில்லை. முடித்துக் கொடுத்தபோது அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். படம் எத்தனை வருஷம் தாங்கும் என்று ஓவியரே எழுதிக் கொடுக்க வேண்டும். 'நூறு வருஷத்துக்குக் குறையாது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். திருப்பினால் தாங்கும் என்ற பாதியை மென்று விழுங்கிவிட்டார்.

அந்தப் பாதி அவரை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் தூசி தட்டுகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு, நூலகக் காவலாளியையும் இன்னும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு காதும் காதும் வைத்ததுபோல் படத்தைத் திருப்பினார். மேலும் கீழும் கொக்கி வைத்தே செய்திருந்தார்.

"சார், போன வருஷம் அந்த வெள்ளைக் கோடு ஜன்னல் பக்கம் இருந்த மாதிரி ஞாபகம்," என்றார் காவலாளி மூன்றாவது வருஷம்.

"நல்லாக் கவனிக்கிறீங்களே."

"நாற்காலி போட்டு அது எதிர்லதான சார் உட்கார வச்சிருக்காங்க. வேற எதைப் பார்க்கிறது?"

அவரிடம் மட்டும் அப்பா விஷயத்தைச் சொன்னார். அதன்பின் வெயில் கொளுத்தும் நாட்களில் பணிமனையிலிருந்து நூலகத்துக்கு போன் போகும். மண்டபத்தில் ஃபேன் ஓடுகிறதா? மேற்கு ஜன்னலைச் சாத்தியாச்சா? காவலாளி சலிக்காமல் பதில் சொல்வார். "படத்துக்கு ஜுரம் இல்ல சார். நீங்க ஒரு மாத்திரை போட்டுக்குங்க."

மகள் படித்து, சாலை போடும் தாரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எதனால் அந்தப் படிப்பு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சேர்ந்த மாதமே அப்பாவின் டப்பாவிலிருந்து கொஞ்சம் தாரை எடுத்துப்போனாள். பித்தளை வளையத்தில் தாரை நிரப்பி, மேலே ஒரு இரும்புக் குண்டை வைத்து, தண்ணீரில் மெல்லச் சூடேற்ற வேண்டும். குண்டு எந்தச் சூட்டில் தாரோடு கீழே இறங்குகிறதோ அதுதான் அதன் இளகுநிலை. நாற்பத்தாறு டிகிரி வந்தது.

"மண்டபத்துல எவ்ளோ போகும்?" என்றார் அப்பா.

"உச்சி வெயில்ல முப்பத்தொன்பது."

"அப்போ ஏழு டிகிரி இருக்கே. எதுக்கு பயம்?"

"நாற்பத்தாறுல ஓடும்பா. முப்பத்தொன்பதுல நடக்கும். நிக்கவே நிக்காது."

அன்று சாயங்காலம் நூலகத்துக்கு இரண்டு போன் போனது.

பதினோரு வருஷத்துக்கு முன் அந்தத் தவறு நடந்தது. வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள் விடுப்பில் வந்தாள். அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். கோடை தொடங்கிவிட்டது, நூலகத்துக்குப் போயிருக்க மாட்டார் என்று அவளாக முடிவு செய்தாள். அவரிடம் கேட்டால் எழுந்து கிளம்பிவிடுவார். அதனால் கேட்காமல் போனாள். அன்று காவலாளி விடுப்பு. வேறு மூன்று பேரை வைத்துப் படத்தைத் திருப்பிவிட்டு வந்தாள். பெரிய பாரம் இறங்கியதுபோல் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

அப்பா நான்கு நாட்களுக்கு முன்பே போய்த் திருப்பியிருந்தார். அங்கேதான் காய்ச்சலைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு முறை திருப்பினால் திருப்பாததற்குச் சமம். படம் ஏற்கெனவே ஒரு கோடை இறங்கிய பக்கமே இன்னொரு கோடையும் இறங்கியது. விடுப்பு முடிந்து வந்த காவலாளி, கோடு மறுபடி பழைய இடத்திலேயே இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். சார் எதையும் காரணமில்லாமல் செய்ய மாட்டார் என்று விட்டுவிட்டார். அடுத்த வருஷம் இருவரும் சேர்ந்து போனபோது பெரிய பாளத்தின் அடியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு நாக்கு ஒன்று தொங்கியது. அப்பா வாசகர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் அழுதாள். அவர் அவளைத் திட்டியிருக்கலாம். "நாலு நாள் முன்னாடி நான் போனதை உங்கிட்ட சொல்லியிருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

சாக்பீஸ் அம்பும் தேதியும், சேர்ந்துதான் திருப்ப வேண்டும் என்ற விதியும் அதன்பின் வந்தவை. நாக்கு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் உள்ளே போகும், கொஞ்சம் வெளியே வரும். முழுக்கப் போகவில்லை. அதைப் படம் பிடிக்கவே ஆட்கள் வருகிறார்கள் என்று காவலாளி ஆறுதலாகச் சொன்னார். அப்பாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

அப்பா போய் மூன்றாவது வாரம், புதன்கிழமை, காவலாளி அவளுக்கு போன் செய்தார்.

"மேடம், சனிக்கிழமை படத்தைச் செவுத்தோட முடுக்கப் போறாங்க. கட்டட ரிப்பேர்ல இரும்புத் தாங்கி போடுறதா முன்னாடியே இருந்துச்சு. இப்போ சார் போனதால மேல கண்ணாடி, கீழ பித்தளையில பேரு. எட்டு போல்ட்டு. நாளைக்கே ஓட்டை போட ஆள் வருது."

"இந்த வருஷம் திருப்பலையே?"

"நீங்களும் சாரும் வருவீங்கன்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

அவள் கணக்குப் போட்டாள். கண்ணாடி போட்டால் உள்ளே மூன்று நான்கு டிகிரி கூடும். போன கோடையின் பக்கமே இந்தக் கோடையும் நிற்கும். பிறகு எல்லாக் கோடையும் அதே பக்கம். ஐந்து வருஷத்தில் கறுப்பு சட்டத்தைத் தாண்டி, கண்ணாடிக்கு அடியில், பித்தளைப் பெயரின்மேல் வழியும்.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"போய் சொன்னா என்னாகும்?"

"அப்பா பொய் எழுதிக் கொடுத்தாருன்னு ஆகும். கையெழுத்தோட இருக்கு."

"சொல்லலைன்னா?"

"அதேதான் ஆகும். அஞ்சு வருஷம் கழிச்சு."

"அப்போ அஞ்சு வருஷம் அவரு பேரு நல்லா இருக்கும்." அம்மா ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "படம் இருக்காது."

"ஆமா."

"எது பெருசுன்னு என்னைக் கேக்காதடி. எனக்கு அந்தப் படத்தைக் கண்டாலே ஆகாது. அவரு பாதி ஆயுசு அங்கதான் போச்சு." சட்டையை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, "அவருக்கு எது பெருசுன்னு உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவளுக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து அவரோடு படம் தூக்கியவளுக்கு அது தெரியவில்லை. வெள்ளிக்கிழமை காலை சொல்லாமல் கொள்ளாமல் நூலகத்துக்குக் கிளம்பினாள். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றாள்.

மண்டபத்தில் இரும்புச் சாரம் கட்டியிருந்தது. படத்தின் இடது விளிம்பில் இரண்டு ஓட்டைகள் ஏற்கெனவே விழுந்திருந்தன. மூன்றாவதை ஒருவர் துளைத்துக்கொண்டிருந்தார். மரத்தூள் கறுப்பின்மேல் விழுந்து ஒட்டியது. அவள் அதைப் பார்க்காமல் நூலகரின் அறைக்குள் போனாள்.

நூலகர் ஐம்பதை ஒட்டிய பெண்மணி. இங்கே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "வாங்கம்மா, உட்காருங்க. நாளைக்கு நீங்களும் அம்மாவும் கண்டிப்பா வரணும்."

"அந்தப் படம் காயலைங்க," என்றாள் அவள்.

"தொடைச்சே ஒரு வாரமாச்சே. ஈரம் இருக்காதே."

"ஈரம் இல்லைங்க. அது தார். இருபத்தாறு வருஷமா காயல. இனியும் காயாது."

சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. இளகுநிலை, மண்டபத்துச் சூடு, நாக்கு, கண்ணாடி, ஐந்து வருஷம், எல்லாவற்றையும் ஆய்வுக்கூட அறிக்கை வாசிப்பதுபோல் வரிசையாகச் சொன்னாள். பக்கத்து மண்டபத்தில் துளைக்கும் சத்தம் நின்று நின்று வந்தது.

"அப்போ வருஷா வருஷம் தூசி தட்ட வந்தது?"

"திருப்ப."

"ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாமலா?"

"காவலாளிக்குத் தெரியும். தயவுசெஞ்சு அவரைத் தப்பா நினைக்காதீங்க."

நூலகர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஒரு பழைய கோப்பை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை அவள்முன் வைத்தார். நூறு வருஷத்துக்குக் குறையாது. கீழே அப்பாவின் கையெழுத்து. படத்தில் போடாத கையெழுத்து.

"இது அவர் எழுதினதுதானே?"

"ஆமாங்க."

நூலகர் தாளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். துளைக்கும் சத்தம் மறுபடி எழுந்தது. மேசைமேலிருந்த மணியை அடித்தார். காவலாளி கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும். மணி ஓய்வதற்குள் உள்ளே வந்தார்.

"அந்த ஆளுங்களைக் கீழ இறங்கச் சொல்லுங்க. டீ குடிச்சிட்டு வரட்டும்."

"எவ்ளோ நேரம்னு கேப்பாங்க மேடம்."

"நான் சொல்ற வரைக்கும் குடிக்கட்டும்."

சத்தம் நின்றது. அவள் இரு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள். "நான் சொல்லியிருக்கக் கூடாது. இத்தனை வருஷம் அவரே சொல்லலை. நான் வந்து காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுச்சு."

நூலகர் நாட்குறிப்பை இழுத்துப் பின்னோக்கிப் பக்கங்களைத் தள்ளினார். "இரும்புத் தாங்கி போடப் போறோம்னு நான்தான் உங்கப்பாவுக்கு போன் பண்ணினேன். அவர் தவறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சனிக்கிழமை. சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். லைன்ல பேச்சே இல்ல. கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன். அப்புறம், இருபத்தாறு வருஷமா சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு, நேர்ல வந்து சொல்றேன்னார். அவர் தவறிட்டார்னு கேட்டப்புறம் அது என்னவா இருக்கும்னு பலநாள் யோசிச்சேன்."

நாட்குறிப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அப்பா இறந்து இரண்டு நாள் கழித்து வந்த புதன்கிழமையின் பக்கம். நூலகரின் கையெழுத்தில் நான்கு வரிகள். மின்விசிறி பழுது. செய்தித்தாள் முகவர். தாங்கிக்கு அளவெடுக்க ஆள். மூன்றுக்கும் நேராக டிக் போட்டிருந்தது.

நான்காவது வரி: ஓவியர், காலை 11 மணி. பெரிய படம் பற்றி. பத்து நிமிஷம் போதும் என்கிறார்.